ஒன்பது மீட்டர் கணக்கு: மாசி வீதிச் சந்து வீட்டை இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வீடு இருக்கிறது. 22 அடி அகலம், 96 அடி நீளம். திண்ணை, நடை, முற்றம், பட்டாசாலை என்ற கூடம், இரண்டாம் கட்டு, புழக்கடை என்று ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முன்பாதிக்கு மேல் ஒரு மச்சு. தாத்தா 1951இல் வாங்கியபோதே அது பழைய வீடுதான். அவர் உயில் எழுதிவைக்கவில்லை. ஆகவே இன்றைக்கு நான்கு பங்கு: காலமான அப்பாவின் பங்குக்கு அம்மாவும் நானும் தம்பியும், பிறகு சித்தப்பா, இரண்டு அத்தைகள். தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்பதால் மகள்களுக்கும் சமபங்கு என்பது 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. இதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்கவே ஒரு வருடம் ஆனது.

வீட்டை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடி ஆக்கலாம், பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம், விற்றுவிட்டுக் கையைக் கழுவலாம். இதே கேள்வியோடு எங்கள் சந்திலேயே இன்னும் ஐந்தாறு வீடுகள் நிற்கின்றன. நான் வைத்துக்கொள்ளும் கட்சி. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை வேஷம் போட விருப்பமில்லை. அதனால் எதிர்க்கட்சியின் கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன்.

பில்டர் சொன்ன திட்டம் எளிமையானது. இடம் எங்களுடையது, செலவு அவருடையது, கட்டி முடித்ததும் பாதிக்குப் பாதி. ஒரு ரூபாய்கூட எடுக்காமல் புது வீடு. சித்தப்பா அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டார்.

நான் எடுத்தது அளவு நாடாவை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. கோபுரங்களை மறைக்கக்கூடாது என்பதற்காக வந்தது. மாசி வீதிகள் நான்கும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன. ஒரு மாடிக்கு 10 அடிக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் 9 மீட்டருக்குள் தரைத்தளமும் இரண்டு மாடியும் அடங்கும், அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஐந்தைந்து அடி விட்டால் ஒரு தளம் 22க்கு 86, அதாவது 1,892 சதுர அடி. தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்டால் வீடுகளுக்கு மிஞ்சுவது இரண்டு தளம், 3,784 சதுர அடி. அதில் பில்டருக்குப் பாதி போனால் எங்களுக்கு 1,892. நான்கு பங்கு போட்டால் ஆளுக்கு 473 சதுர அடி. அதிலும் மாடிப்படிக்கும் லிப்டுக்கும் பொது இடத்துக்கும் கழிக்க வேண்டும்.

இப்போதைய வீடு எவ்வளவு? முற்றத்தையும் புழக்கடையையும் நீக்கினால் கீழே சுமார் 1,700, மச்சு 800. மொத்தம் 2,500 சதுர அடி, பங்குக்கு 625. இடித்துக் கட்டினால் எங்கள் வீடு சிறியதாகிறது! சரி, வண்டி நிறுத்தமே வேண்டாம், மூன்று தளத்திலும் கட்டுவோம் என்றார் தம்பி. அப்போது தளப்பரப்புக் குறியீடு குறுக்கே வருகிறது. இத்தகைய சிறு கட்டடங்களுக்கு அது 2, அதாவது மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்குதான் கட்டலாம். 2,112 சதுர அடி மனைக்கு 4,224. பாதி 2,112. பங்குக்கு 528. அப்போதும் இப்போது இருப்பதைவிடக் குறைவு.

புறநகரில் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். அங்கே ஒற்றை மாடி வீட்டை இடித்து ஐந்து மாடி எழுப்பும்போது பாதியைக் கொடுத்தாலும் மிஞ்சுகிறது. கோயில் வட்டத்துக்குள் நம் தாத்தாக்களின் வீடுகள் ஏற்கெனவே மனையை விளிம்புவரை நிறைத்துக்கொண்டு நிற்பவை. வானம் 9 மீட்டரில் முடிகிறது. பில்டர்கள் காட்டும் படத்தில் நான்காவது மாடி ஒன்று எப்போதும் இருக்கும். கேட்டால் "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பார்கள். இந்த உயர மீறல் தொடர்பாக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்திருக்கின்றன. மீறிக் கட்டியதற்கு நோட்டீஸ் வரும்போது நோட்டீஸில் இருக்கப்போவது மனைக்காரர் பெயர். விதி திருத்தப்படலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாமல், திட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணைக் கொடுத்து இன்றைய நிலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் போடுவதென்றே முடிவானால் இரண்டு விஷயங்கள். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டால், அந்தத் திட்டத்தை ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. எங்கள் மனை ஐந்து சென்ட்கூட முழுதாக இல்லை, 200 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே பில்டர் பாதியில் நிறுத்தினால் ரெரா பதிவின் துணை நமக்கு இருக்காது, ஒப்பந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். இன்னொன்று வரி. ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தால் மூலதன ஆதாய வரி பொதுவாகப் பணி நிறைவுச் சான்றிதழ் கிடைக்கும் ஆண்டில்தான் விழும். பதிவு செய்யாத 'வாய்ப்பேச்சு' ஒப்பந்தத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு ஆடிட்டரிடம் அரைமணி நேரம் செலவழிப்பது நல்லது.

இடிப்பதிலேயே ஒரு சங்கதி இருக்கிறது. இடிக்கும் ஒப்பந்தக்காரர் கூலி கேட்கமாட்டார், நமக்குப் பணம் தருவார். எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர் சுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக நிலைக்கதவிடம் போய்க் கட்டைவிரல் நகத்தால் ஒரு மூலையில் பெயின்டைச் சுரண்டினார். பிறகு பட்டாசாலைத் தூண்களை எண்ணினார். பர்மா தேக்கு. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அவர் ஏன் கூலி கேட்கவில்லை என்பது புரியும். அவர் சொன்ன தொகை சித்தப்பாவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதே மரத்தை விலை கொடுத்து வாங்கப்போனால் எவ்வளவு ஆகும் என்று இரண்டு மரக்கடைகளில் விசாரித்துவந்து சொன்னேன். அன்று இரவு அவர் சாப்பிடாமல் போய்விட்டார்.

பொதுச்சுவர் இதைவிடச் சிக்கல். இந்தச் சந்தில் வீடுகள் தனித்தனியாக நிற்கவில்லை, தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. மேற்கு வீட்டுக்காரரின் உத்திரக் கட்டைகளின் முனைகள் எங்கள் ஒன்றரை அடிச் சுவருக்குள்தான் செருகியிருக்கின்றன. எங்கள் சுவரை எடுத்தால் அவர் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பில்லர் போடக் குழி தோண்டினால் அவர் அடித்தளத்துக்கு ஆபத்து. பில்டரின் மதிப்பீட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தத் தரப்பின் உண்மையான பலத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. அடுக்குமாடி பங்கு பிரிக்கும். தனித்தனிப் பத்திரம், தனித்தனிச் சாவி. முற்றத்தை நாலாக வெட்ட முடியாது. பெரிய அத்தை கோயம்புத்தூரில் இருக்கிறார். கால்பங்கு திண்ணையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இணக்கம் வராமல் பாகப்பிரிவினை வழக்குக்குப் போனால், பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கிட நீதிமன்றம் உத்தரவிட 1893ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே இருக்கிறது. 'பாரம்பரியம்' என்று கொடி பிடித்த எத்தனையோ வீடுகள் இடிந்து போனதற்குக் காரணம் பில்டர் அல்ல, பங்காளி. வீட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் மற்றவர் பங்குக்கு விலை கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் காசில் ஆசையை வளர்க்கிறோம் என்றுதான் பொருள். இதைச் சின்ன அத்தை என்னிடம் இவ்வளவு மரியாதையாகச் சொல்லவில்லை.

இனி பழுது பார்க்கும் கணக்கு. இதிலும் பொய்கள் உண்டு. பழைய வீட்டை மேல்பூச்சுப் பூசிப் பெயின்ட் அடித்தால் போதும் என்பது அதில் முதல் பொய்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனார் கிடைத்தார், அறுபதைத் தாண்டியவர். வந்தவர் சுவரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே நடந்தார். சில இடங்களில் 'தொம் தொம்' என்றது. "யார் தம்பி இதுமேல் சிமெண்ட் பூசியது?" என்று கேட்டார். தொண்ணூறுகளில் அப்பா பூசியது. வெள்ளையடிக்கும் செலவு மிச்சம் என்று பெருமையாகச் செய்தார். சுண்ணாம்பும் செங்கல்லும் சேர்ந்த சுவர் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஓதம் உள்ளேயே மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சை உப்ப வைக்கிறது. கொத்தனார் ஒரு இடத்தில் உளியை வைத்து லேசாகத் தட்டினார். ஒரு முழச் சிமெண்ட் பாளம் அப்படியே கழன்று விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் தேய்த்தால் குங்குமம்போல் ஒட்டியது.

பிறகு ஏணி போட்டு மேலே ஏறினார். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் தளம்: உத்திரத்தின்மேல் கட்டைகளை வரிசையாக அடுக்கி, செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்துச் சுண்ணாம்பில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு இடித்துப் போட்டது. சித்திரை வெயிலில் மச்சுக்குக் கீழே படுத்தால் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வருவது இதனால்தான். ஆனால் இந்தத் தளத்தின் உயிர், கட்டை சுவருக்குள் நுழையும் அந்த அரை அடியில் இருக்கிறது. நடுவில் கல்போல் இருக்கும் கட்டை, முனையில் உளுத்திருக்கும். கொத்தனார் ஒரு திருப்புளியை முனையில் வைத்து அழுத்தினார். இரண்டு கட்டைகளில் நுனிகூட இறங்கவில்லை. மூன்றாவதில் பிடிவரை இறங்கியது. காபிப்பொடிபோல் தூள் கொட்டியது. அம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே மச்சில் இருந்த அரிசி மூட்டையைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டார்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். சுண்ணாம்பை நீற்றி, தொட்டியில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும். ஒரு பூச்சு காய்ந்து அடுத்த பூச்சுக்குப் போக நாள் பிடிக்கும். சிமெண்டில் ஒரு வாரத்தில் முடிகிற வேலை இதில் ஒரு மாதம். ஆள் கிடைப்பது அதைவிட அரிது. முழு வீட்டுக்கும் எங்களுக்குச் சொன்ன மதிப்பீடு 22 லட்சம். வங்கியில் கேட்டால் புது வீட்டுக்குக் கடன் கொடுக்க ஓடி வருகிறார்கள், பழைய வீட்டைப் பழுது பார்க்க என்றால் கட்டடத்தின் வயதைக் கேட்டுவிட்டு ஃபைலை மூடுகிறார்கள்.

அம்மாவின் தரப்பையும் பதிவு செய்ய வேண்டும். "முற்றம் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் நின்று தண்ணீர் தள்ளுவது யார்? பழைமை பழைமை என்கிறவன் எவனாவது பெருச்சாளிப் பொந்தை அடைத்திருக்கிறானா?" வீட்டுக்குள் கழிவறை வந்ததே எங்கள் பள்ளிக்காலத்தில்தான், அதுவும் புழக்கடைக்கு அருகில். எழுபது வயதுக் காலுக்கு இரவில் 80 அடி நடை. மச்சுப்படி ஏணிபோல் செங்குத்து. பழைய வீட்டைப் போற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பெருக்காத ஆண்கள் என்பது என் எண்ணம், என்னையும் சேர்த்து.

சரி, அக்கம்பக்கத்தின் பாரம்பரியம் என்கிறோமே, அது என்ன? இடிப்பது மதுரைக்குப் புதிதா? கலெக்டர் பிளாக்பர்ன் 1840களில் கோட்டையையே இடித்து அகழியைத் தூர்த்தார். இன்றைய வெளி வீதிகள் அப்படி வந்தவை. அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் இன்றும் வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள். இடித்தவருக்கு ஊர் விளக்குத்தூண் நட்டது. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலை அவருடைய பேரன் சொக்கநாதரே பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். அதன் இன்னொரு மிச்சமான பத்துத்தூண், கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே சந்தில் நிற்கிறது. நம் காலத்தில் தங்கம் தியேட்டர் போய்த் துணிக்கடை வந்தது.

இடிந்ததையெல்லாம் எண்ணினால் நிற்காத ஊர் இது. நின்றது வீதி. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் அமைப்பும், தேர் போக விட்ட அகலமும், அதன் இரு பக்கமும் குடியிருக்கும் சனமும். ஆகவே ஒரு வீட்டின் பழைமையைவிட, அந்த வீட்டில் இரவு விளக்கு எரிகிறதா என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் சந்தில் மூன்று பழைய வீடுகள் அப்படியே 'காப்பாற்றப்பட்டிருக்கின்றன'. மூன்றும் பாத்திரக் கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு. திண்ணைக்கு ஷட்டர் போட்டாயிற்று. இரவு எட்டு மணிக்குமேல் அந்தப் பக்கம் நாய்கூட இல்லை. கட்டடம் நிற்கிறது, தெரு போய்விட்டது.

கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தைப் பாருங்கள். சிலைகளுக்கு நடுவே தையல் இயந்திரங்களும் புத்தகக் கடைகளும் வளையல் கடைகளுமாகத் தலைமுறை தலைமுறையாக இருந்த இடம். சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். கல்லுக்கு அது நல்லது, மறுக்கவில்லை. கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரியில் கடைகளில் பிடித்த தீ என்ன செய்தது என்று பார்த்த பிறகு யாரும் மறுக்க முடியாது. ஆனால் தூணுக்கு ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்த அந்தச் சத்தமும் ஒரு மரபுதானே? இதற்கு மாறாக மேல மாசி வீதியில் காந்தி தங்கியிருந்த வீடு. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் அரைவேட்டிக்கு மாறியது அங்கேதான். அந்த வீடு கதர்க்கடையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றாடம் யாரோ துண்டு வாங்கப் படியேறுகிறார்கள். பூட்டி வைத்து வருடத்துக்கு ஒருநாள் மாலை போட்டிருந்தால் கதையே வேறாகியிருக்கும்.

வீட்டை யாத்ரீகர் விடுதியாக்கலாம் என்பது தம்பியின் யோசனை. கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்ப பக்தர் கூட்டம், சித்திரையில் திருவிழா. காசு வரும். ஆனால் ஒரே வடிகாலில் 30 பேர் குளிக்கும் தண்ணீரை எங்கே விடுவது? உடனிருந்து நடத்த யார் இருக்கிறார்கள்? தம்பி ஓசூரில் வேலை பார்க்கிறான். விடுதியும் கிட்டங்கிபோல் தெருவைக் காலி செய்யும், கொஞ்சம் அழகாக.

புதுச்சேரி வைசியாள் வீதியில் ஐரோப்பிய நிதியும் அரசும் கைகொடுத்து வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள். அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. எங்கள் சந்துக்கு அப்படி யாரும் வரவில்லை. வந்தால் திண்ணையில் பாய் விரிக்கிறோம்.

விற்பதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வாங்க வருகிறவர் கிட்டங்கிக்காரராக இருப்பார், பணம் நாலாகப் பிரியும், நகரத்துக்குள் அந்தக் காசுக்கு வேறு இடம் கிடைக்காது.

இப்போது எங்களுக்குள் உருவாகியிருப்பது நாலாவது வழி. தெருவைப் பார்த்த முன்பாதியை, அதாவது திண்ணை, நடை, முற்றம், மச்சு இவற்றை வைத்துக்கொள்வது. முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டுப் பகுதியை இடித்து, 9 மீட்டருக்குள் மூன்று தளத்தில் மூன்று சிறு வீடுகளை நாங்களே கட்டுவது. பின்கட்டில் பொதுச்சுவரில் அடுத்தவர் கட்டை ஏதும் இல்லை என்பது வசதி. முன்பாதிப் பழுதுக்கு 9 லட்சம் ஆகும் என்றார் கொத்தனார். கீழ் வீடு அம்மாவுக்கு, கழிவறை படுக்கையிலிருந்து பத்தடியில். மேல் இரண்டும் குடும்பங்களுக்கு வாடகை. கிட்டங்கிக்கு விடுவதில்லை என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். வாடகை ஒப்பந்தம் என்றால் 2019இல் அமலான புதுச் சட்டப்படி எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும், பழைய வாய்வழி ஏற்பாடு உதவாது. பெரிய அத்தை பங்கை நானும் தம்பியும் ஐந்து தவணையில் வாங்கிக்கொள்கிறோம். சின்ன அத்தை, வாடகையில் கால்பங்கு மாதம் ஐந்தாம் தேதிக்குள் வராவிட்டால் பேச்சே இல்லை என்றிருக்கிறார். இதில் ஒரு சதுர அடியும் அதிகம் ஆசைப்படவில்லை, அதனால்தான் கணக்கு ஒத்துவருகிறது.

சித்தப்பா மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "முன்பாதிக் கட்டை எத்தனை உளுத்திருக்கிறது என்று எவனுக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. முன்பாதியில் மொத்தம் 14 கட்டை. ஐந்துக்குமேல் போயிருந்தால் மச்சை இறக்கத்தான் வேண்டும், அப்புறம் என் கட்சிக்குப் பேச வாய் இருக்காது என்று ஒப்புக்கொண்டேன். போன வாரம் பூச்சை உடைத்துப் பத்துக் கட்டைகளின் முனைகளைப் பார்த்தாயிற்று. நான்கு போயிருக்கிறது. மீதி நான்கு மேற்குச் சுவர் ஓரம், மழைத்தண்ணீர்க் குழாய் இறங்கும் இடம். கொத்தனார் புதன்கிழமை வருகிறார். சித்தப்பா தானே திருப்புளி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.